சைடு வாய்க்கால் எங்கே போய் முடிகிறது?

எங்கள் ஊரில் மறுபடியும் ஒரு பூமி பூஜை நடந்திருக்கிறது. தெற்குத் தெருவுக்கு யு வடிவ வாய்க்கால். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஆளுக்கொரு தடவை மண்வெட்டியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தெருக்காரர்களுக்கு மகிழ்ச்சி. வாசலில் தேங்கி நின்ற சாக்கடை இனி நிற்காது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாசலில் சாக்கடை நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் அங்கே வந்திருந்த ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது?

கேட்காததற்குக் காரணம், பதில் எல்லோருக்கும் தெரியும். குளத்தில் போய் முடிகிறது. வடக்குத் தெரு வாய்க்கால் முடிகிற அதே குளத்தில். நாமெல்லாம் சிறு வயதில் குதித்து விளையாடிய, மார்கழியில் பெண்கள் விடியற்காலை குளித்துவிட்டுக் கோலம் போடப் போன அதே குளத்தில். இப்போது அதில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொக்லைன் வைத்து அள்ளுகிறார்கள். அதற்கும் ஒரு படம் வருகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுகிற சாக்கடை வாய்க்காலுக்கு, அதன் கடைசியில் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு இல்லாவிட்டால், அரசுப் பணத்தில் ஒரு மீட்டர் கூடப் போடக்கூடாது. மதிப்பீட்டிலேயே கையெழுத்து விழக்கூடாது. இதைக் கேட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் கோப்பு பார்த்தவன் என்பதால் இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. வாய்க்கால் வேலை என்பது மீட்டர் கணக்கு. இத்தனை மீட்டர் மண் வெட்டு, இத்தனை கன மீட்டர் கான்கிரீட், இத்தனை கிலோ கம்பி. மெஷர்மெண்ட் புத்தகத்தில் அளவு ஏறினால் பில் போடலாம். பில் போட்டால் வேலை முடிந்தது. வாய்க்காலில் ஓடப்போகும் தண்ணீர் எவ்வளவு, அதில் என்ன இருக்கிறது, கடைசியில் அது யார் வாசலில் விழுகிறது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தியே கிடையாது. பத்தி இல்லாத விஷயம் அரசாங்கத்தில் இல்லாத விஷயம். பொறியாளரும் எழுத்தரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மீட்டருக்குப் பணம் கொடுத்தால் மீட்டர்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. கட்டுவதற்கு ஒரு கணக்குத் தலைப்பு, பராமரிப்பதற்கு வேறொரு கணக்குத் தலைப்பு. முதல் தலைப்பில் மார்ச் மாதம் பணம் மிஞ்சும்; செலவழிக்க ஓடுவார்கள். இரண்டாவது தலைப்பில் ஜூன் மாதமே பணம் தீர்ந்துவிடும். ஆகவே வருடா வருடம் புது வாய்க்கால் வரும், பழைய வாய்க்காலில் மண் அள்ள ஆள் வராது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் ஒரே ஒரு கேள்வி எழுதிப் போட்டேன். மேற்படி வாய்க்கால் முடியும் இடம் எது, அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்க என்ன ஏற்பாடு? முப்பது நாள் முடிகிற நேரத்தில் பதில் வந்தது. "வரைபடத்தில் காட்டியுள்ளபடி." வரைபடத்தைப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தேன். கோடு குளக்கரை வரை வந்து நிற்கிறது. அம்புக்குறி மட்டும் குளத்தைப் பார்த்து இருக்கிறது.

முன்பெல்லாம் இந்தப் பிரச்சினை இல்லையே என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். கிணற்றில் இறைத்து, குடத்தில் சுமந்து வந்த தண்ணீர். பாத்திரம் கழுவியது சாம்பலாலும் புளியாலும். கழுவிய தண்ணீர் கொல்லையில் வாழைக்கும் சேம்புக்கும் போகும். வாழை அடியில் போகிற தண்ணீரை மண் வடிகட்டிவிடும், வேர் குடித்துவிடும், அவ்வளவுதான். யாரும் அதற்குச் சுத்திகரிப்பு என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் சுத்திகரிப்பு அதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். புதுச்சேரியில் கிராமத்து வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்று 2021-லேயே அறிவித்தார்கள். நல்ல காரியம். குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 1,800 பேர் உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 99,000 லிட்டர் உள்ளே வருகிறது. குடித்தது, சமைத்தது, செடிக்கு ஊற்றியது, காய்ந்தது போக, பத்தில் ஏழு பங்கு வெளியே போகிறது என்று குறைத்தே வைத்தாலும் கிட்டத்தட்ட 70,000 லிட்டர். சொந்த போர் வைத்திருப்பவர்கள் விடும் தண்ணீர் இதில் சேரவில்லை. சாம்பலும் புளியும் போய் சோப்புத்தூளும் வாஷிங் மெஷினும் வந்துவிட்டன. கொல்லை போய் அந்த இடத்தில் பின்கட்டும் டைல்ஸ் தரையும் வந்துவிட்டன. வாழை நின்ற இடத்தில் வண்டி நிற்கிறது. உள்ளே வரும் குழாய்க்கு ஒரு திட்டம், ஓர் அமைச்சகம், ஒரு விளம்பரம் எல்லாம் இருக்கிறது. வெளியே போகும் தண்ணீருக்கு யு வடிவ வாய்க்கால் மட்டும்.

குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர்தானே, அதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. சாக்கடைத் தண்ணீரில் உள்ள உரச்சத்துத்தான் ஆகாயத்தாமரைக்குச் சாப்பாடு. தேங்கிய அழுக்குத் தண்ணீர்தான் யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு முட்டையிடும் இடம். நம் ஊர் யானைக்கால் ஊர் என்று பெயர் வாங்கியிருந்ததும், இராத்திரி நேரத்தில் வீட்டுக்கு வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி நிலையத்தார் 1981-லிருந்து ஐந்தாண்டு காலம் பாடுபட்டார்கள். மருந்து அடித்ததோடு நிற்கவில்லை. கொசு உற்பத்தியாகும் இடங்களைத் தேடித்தேடி ஒழித்தார்கள். அவர்கள் மூடிய இடங்களை நாம் மீட்டர் கணக்கில் திறந்துகொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் குளியலறை, சமையலறைத் தண்ணீர் பற்றி. கக்கூஸ் விஷயம் இன்னும் மோசம். கூச்சப்படாமல் எழுதிவிடுகிறேன், எழுபது வயதுக்கு மேல் என்ன கூச்சம்.

நம் கிராமங்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை செப்டிக் டேங்க் அல்ல. உறை இறக்கி, மேலே மூடி போட்ட குழி. அடியில் கான்கிரீட் கிடையாது. ஒரு கொத்தனாரிடம் கேட்டேன், ஏனப்பா அடியில் போடுவதில்லை என்று. "போட்டா சீக்கிரம் ரொம்பிடும் சார், வீட்டுக்காரங்க திட்டுவாங்க" என்றார். நேர்மையான பதில். "எங்க டேங்க் இருபது வருஷமா ரொம்பவே இல்ல" என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிரம்பாத தொட்டி என்றால் அது பூமிக்குள் போகிறது என்று அர்த்தம். அதே மனையில், முப்பதடி தள்ளி, போர் போட்டிருக்கிறார். ஒரே மனையில் மேலே இருந்து போடுவதைக் கீழே இருந்து எடுக்கிறார். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவரும் ஊர்களில் அந்த முப்பதடி கூட இல்லை.

ஒழுங்கான தொட்டி எப்படி இருக்கும்? அடியும் பக்கமும் நீர் புகாமல் பூசப்பட்டிருக்கும். நடுவில் சுவர் வைத்து இரண்டு அறை. கனமானது அடியில் படியும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் 'டி' குழாய் வழியாக வெளியே வரும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வண்டலை எடுக்கவேண்டும். முக்கியமானது இதுதான்: வெளியே வரும் தண்ணீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் சுத்தமானதல்ல. கிருமி முழுக்க அதில் இருக்கும். அதை மண்ணுக்குள்ளோ ஜல்லிப் படுகைக்குள்ளோ விட்டு வடிகட்டினால்தான் வேலை முடிந்தது. நம் ஊரில் தொட்டி ஒழுங்காகக் கட்டிய ஒருசிலரும் அந்தக் குழாயைச் சைடு வாய்க்காலில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இரவில் போட்டது. யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்த லாரி. உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிறது, எங்கே கொட்டுகிறது? நகரத்துச் சுத்திகரிப்பு நிலையம் வரை டீசல் செலவழித்துப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று சாலையோர வாய்க்கால்களின் பக்கமாக விடியற்காலை நடைப்பயிற்சி போகிறவர்களைக் கேளுங்கள். மூக்கு சொல்லும். லாரி நுழையாத சந்துகளில் இன்னும் மனிதனை இறக்குகிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. இறந்தால் முப்பது இலட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்னது. இறக்கும் அளவுக்கு ஆள் இறக்காதே என்பதுதான் தீர்ப்பின் பொருள், விலை நிர்ணயம் அல்ல.

இந்த செப்டிக் டேங்க் ஒரு பிரெஞ்சுக்காரரின் கண்டுபிடிப்பு. பள்ளியில் எங்களுக்கு நெப்போலியன் போர்களையெல்லாம் தேதி வாரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை. வெசூல் என்ற சிறு ஊரில் ழான் லூயி மூராஸ் என்பவர் 1860-ஐ ஒட்டித் தன் கட்டடத்துக் கழிவுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தால் எதிர்பார்த்த அளவுக்கு வண்டல் இல்லை. பெரும்பகுதி கரைந்து நீராகப் போயிருந்தது. 1881-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அங்கே அதை ஃபோஸ் செப்டிக் என்கிறார்கள். ஃபோஸ் என்றால் குழி. குழி என்ற பெயரை மட்டும் நாம் சரியாகப் பிடித்துக்கொண்டோம்.

பிரான்சில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பங்களும், பிள்ளைகள் அங்கே இருக்கிற குடும்பங்களும் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அங்கே எல்லா ஊரிலும் பாதாளச் சாக்கடை கிடையாது. பாரிஸில் 1894-லேயே எல்லா வீட்டையும் சாக்கடையோடு இணைக்கச் சட்டம் போட்டவர்கள்தான். இருந்தும் கிராமப்புறத்தில் இன்றைக்கும் சுமார் ஐம்பது இலட்சம் வீடுகள் சொந்தத் தொட்டியோடுதான் இருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால் அந்தத் தொட்டியைப் பார்க்க ஆள் வருவார். 1992 நீர்ச் சட்டம் அந்தப் பொறுப்பைக் கொம்யூன்களின் தலையில் வைத்தது. 2005 முடிவதற்குள் ஒவ்வொரு கொம்யூனும், தனியாகவோ பக்கத்துக் கொம்யூன்களோடு சேர்ந்தோ, அதற்கென ஒரு பிரிவு தொடங்கியிருக்கவேண்டும் என்றார்கள். ஸ்பாங் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தொட்டி கட்டுமுன் வரைபடத்தைப் பார்ப்பார்கள், மண் மூடுமுன் வந்து பார்ப்பார்கள், அதன்பிறகு அதிகபட்சம் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். 2011-லிருந்து வீட்டை விற்பதென்றால் மூன்றாண்டுக்கு உட்பட்ட ஸ்பாங் அறிக்கை பத்திரத்தோடு இருக்கவேண்டும். தொட்டி சரியில்லை என்றால் வாங்குகிறவர் ஓராண்டுக்குள் சரி செய்யவேண்டும். நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறோமே, அதுபோல.

சில நூறு பேர் உள்ள ஊர்களில் அவர்கள் வேறொன்றும் செய்கிறார்கள். ஊருக்கு வெளியே ஜல்லி நிரப்பிய பாத்திகள், அதில் நாணல். ஊர்ச் சாக்கடையை அப்படியே அதன்மேல் விடுகிறார்கள். ஒரு பாத்தியில் மூன்று நான்கு நாள், பிறகு அதற்கு ஒரு வாரம் ஓய்வு, அடுத்த பாத்தி. அசுத்தம் மேலே தங்கி மக்கிப் போகிறது, நாணல் வேர்கள் அடைப்பு ஏற்படாமல் வழி திறந்து வைக்கின்றன, தண்ணீர் வடிந்து இரண்டாவது பாத்திக்குப் போய் இன்னும் தெளிந்து வெளியே வருகிறது. சேர்ந்த வண்டலைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். ஆளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு சதுர மீட்டர் இடம். மேற்சொன்ன 1,800 பேர் ஊருக்கு ஓர் ஏக்கருக்குள் அடங்கும். வேலை? வாரம் இரண்டு தடவை ஓர் ஆள் போய் வால்வைத் திருப்பவேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை நாணலை அறுக்கவேண்டும். அந்த ஓர் ஆளுக்கு நம் கொம்யூனில் பதவி கிடையாது. எத்தனையோ பதவிகளுக்குக் கோப்பு ஓடிய நாட்களைப் பார்த்தவன் நான், வால்வு திருப்புகிறவருக்கு ஓடிப் பார்த்ததில்லை.

"அது பிரான்ஸ், பணக்கார நாடு" என்பார்கள். சரி, வெளிநாடு வேண்டாம். அரியாங்குப்பம் கொம்யூனிலேயே, கடலூர் சாலையில், தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயிருப்பீர்கள். நம்மில் கண்புரை எடுக்காதவர் யார். அங்கே மருத்துவமனைக் கழிவுநீர், நாளொன்றுக்கு இரண்டரை இலட்சம் லிட்டருக்கு மேல் சுத்திகரிக்கக்கூடிய அமைப்பில், அந்த வளாகத்துக்குள்ளேயே சுத்தமாகித் தோட்டத்துக்குப் போகிறது. முதலில் வண்டல் படியும் தொட்டி, பிறகு தடுப்புச் சுவர்கள் வைத்து மேலும் கீழுமாகத் தண்ணீரை வளைத்துவிடும் தொட்டி, பிறகு செடி வளரும் ஜல்லிப் படுகை, கடைசியில் வெயில் படும் குளம். பெரிய மோட்டாரோ இரசாயனமோ சூட்சுமமோ இல்லை. ஆரோவில்லிலும் இதே வகையில் சின்னச் சின்னதாகப் பல அமைப்புகள் உண்டு. முன் சொன்ன ஊரின் 70,000 லிட்டர் இந்த மருத்துவமனை அளவில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. கண்ணுக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ளப் போன நம் பிரமுகர்கள் இதைப் பார்க்காமல் திரும்பி வந்ததுதான் வேடிக்கை.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். கிராமத்துக்கும் வருமாம். வீடுகள் நெருக்கமாக இருக்கும் நகரத்துக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் தட்டையான நம் பூமியில் தண்ணீர் ஓடக் குழாயை ஆழமாக ஆழமாகப் புதைக்கவேண்டும், இடையிடையே மோட்டார் வைத்து மேலே ஏற்றவேண்டும், மோட்டாருக்கு மின்சாரமும் ஆளும் வேண்டும். சைடு வாய்க்காலில் மண் அள்ளவே ஆள் அனுப்பாதவர்கள் இருபதடி ஆழத்துக் குழாயைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் என்ன நடந்தது? பாதாளச் சாக்கடையில் இருந்து நச்சுவாயு வீட்டுக் கழிவறை வழியாக மேலே வந்து மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கூடம் போகிற பெண். சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகின முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. நகரத்திலேயே இந்தக் கதி. பார்த்துக்கொள்ள நாதியில்லாத கிராமத்தில் குழாயைப் புதைத்துவிட்டு யார் போய்ப் பார்ப்பார்கள்?

யார் பார்ப்பது என்று கேட்டால் கொம்யூன் பஞ்சாயத்து என்பார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 1880 மார்ச் 12 ஆணையின்படி இங்கே கொம்யூன்கள் ஏற்பட்டபோது உழவர்கரையும் வில்லியனூரும் பாகூரும் அதில் இருந்தன. தேர்ந்தெடுத்த சபையும் மேரும் இருந்தார்கள். அந்தக் காலத்துத் தேர்தல் யோக்கியதையைப் பற்றி நமக்குத் தெரியாததா, தடியடி, கள்ள ஓட்டு எல்லாம் இருந்தது. பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊரில் குப்பை நாறினால் இன்னார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று ஒரு பெயர் இருந்தது. இன்று? 1973-ல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, பிறகு 2006-ல் நடந்தது. முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி. 2011-ல் அவர்கள் காலம் முடிந்தது, இன்றுவரை அடுத்த தேர்தல் இல்லை. பத்துக் கொம்யூன் பஞ்சாயத்து, தொண்ணூற்றெட்டு கிராமப் பஞ்சாயத்து, தலைவர் ஒருவர் கூட இல்லை. ஆணையர் வருகிறார், மாற்றலாகிப் போகிறார். பிரெஞ்சுக்காரன் போன பிறகு கொம்யூன் என்ற சொல்லை மட்டும் பலகையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டமன்ற உறுப்பினர் வாய்க்கால் வேலைக்கு மண்வெட்டி தொடவேண்டிய நிலை வந்ததே, செய்யவேண்டியவர் நாற்காலியில் இல்லாததால்தான்.

பணம் இல்லை என்ற பேச்சும் முழுக்க உண்மையல்ல. தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், 2020-லிருந்து, 5,000 பேருக்கு உட்பட்ட கிராமங்களில் சமையல், குளியல் கழிவுநீருக்கு ஆளுக்கு 280 ரூபாய் வரை ஒதுக்கலாம் என்று விதி இருக்கிறது. 1,800 பேருக்கு 5,04,000 ரூபாய். பெரிய தொகை அல்ல. ஆனால் மண் உறிஞ்சும் ஊரில் வீட்டுக்கு ஓர் உறிஞ்சுகுழி, அதாவது ஒரு மீட்டர் நீள அகல ஆழத்தில் உடைகல் நிரப்பிய குழியும் முன்னால் மண் தங்க ஒரு சின்னத் தொட்டியும், போடத் தொடங்குவதற்குப் போதும். களிமண் ஊரில் குழி உறிஞ்சாது. அங்கே வாய்க்கால் குளத்தில் விழும் வாயில், விழுமுன், வண்டல் தொட்டியும் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகையும் வைக்கத் தொடங்கலாம். புறம்போக்கு நிலம் இல்லை என்பார்கள். ஆக்கிரமிப்பை எடுத்தால் நிலம் இருக்கும். யார் ஆக்கிரமித்தது என்று எழுதினால் அடுத்த மாதம் என்னை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, நம்மைப் பற்றி. ஊரின் வாய்க்கால்கள் தாழ்வான பக்கம் ஓடும். தாழ்வான பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள்? அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய இடமே பள்ளம்தான். மேட்டில் இருக்கும் ஊர்த்தெரு குளித்த தண்ணீர், ஊர்த்தெரு கக்கூஸ் வடிகிற தண்ணீர், காலனி முன்னால் வந்துதான் குளத்தில் இறங்குகிறது. மழை பெய்தால் குளத்தில் இறங்காமல் அவர்கள் வீட்டுக்குள் இறங்குகிறது. 'எங்கள் வாசல் சுத்தமாகிவிட்டது' என்று நம் தெரு மகிழ்கிறதே, அந்த அழுக்கு காற்றிலா கரைந்தது? காலனிப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள், "ஐயா, உங்க தெருவுக்கு வாய்க்கா போட்டப்பவே எங்களுக்கும் போட்டிருந்தா தண்ணி போயிருக்குமே?" என்று. எங்கே போயிருக்கும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. குளத்துக்கு மறுகரையில் இருப்பதும் அவர்கள் சுடுகாடுதான்.

ஆகவே ஊர்க்காரர்கள் சிலர் கையெழுத்திட்டு மனு ஒன்று எழுதியிருக்கிறோம். தெற்குத் தெரு வாய்க்கால் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. குளத்தின் வாயில் படுகை போடுவதையும் அதே மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்கிறோம், சேர்க்கும் வரை கடைசிப் பில்லை நிறுத்தி வைக்கச் சொல்கிறோம். வாய்க்காலில் இணைத்த கழிவறைக் குழாய்களை நோட்டீஸ் கொடுத்து அடைக்கச் சொல்கிறோம், அதில் கையெழுத்திட்டவர்களுடைய குழாய்கள் மூன்றும் அடக்கம். கொல்லையில் இடம் உள்ள வீடுகளுக்கு உறிஞ்சுகுழிப் பணத்தை முதலில் கொடுக்கச் சொல்கிறோம். காலனிக்கு முன்னால் உள்ள பகுதியில் முதல் வேலை தொடங்கவேண்டும் என்று தனியாக ஒரு வரி. இருபத்தேழு கையெழுத்து சேர்ந்திருக்கிறது. தெற்குத் தெருவில் இருந்து நான்குதான்.

மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் குளத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் மாற்றிக்கொண்டால் போதும், மற்ற வரிகள் அப்படியே பொருந்தும். வரைபடத்தின் நகலையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய்தான்.